பைப்புக்காரர் வீட்டு வாசனை

கதவைத் திறந்ததும் எதிரே வந்து நிற்கிற என் அருமை அப்பாவுக்கு,

நீங்கள் போய் வருஷம் ஒன்று திரும்பிவிட்டது. ஆனால் நீங்கள் இன்னும் போகவில்லை என்றுதான் நம் தெருவில் பேச்சு. பால் ஊற்ற வரும் அஞ்சலை அக்கா இப்போதெல்லாம் நம் வீட்டுப் படி ஏறுவதில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு பாத்திரத்தை நீட்டச் சொல்கிறாள். உள்ளே வந்தால் பைப்புக்காரர் இருக்கிறாராம், புகை வாசனை அடிக்கிறதாம்.

சிரிக்காதீர்கள். செத்தவரைக் கண்ணால் பார்த்துப் பயந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மூக்கால் முகர்ந்து பயந்தவர்கள் விருத்தாசலத்தில் நம் தெருவில்தான் இருப்பார்கள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. எனக்கே வந்தது. காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் அவரவர் ஊருக்குப் போன பிறகு ஒரு சனிக்கிழமை. நல்லூரில் தங்கி பி.டி.ஓ. ஆபீஸில் வாரமெல்லாம் டைப் அடித்துவிட்டு, பஸ்ஸில் நசுங்கி வந்து, அம்மா என்ன சாப்பிட்டாளோ என்ற யோசனையோடு கதவைத் தள்ளினேன். முதலில் வெல்லப்பாகு காய்வது போல ஒரு இனிப்பு. அதன் பின்னாலேயே பழ வாசனை. அதற்கும் அடியில், லேசாக, காய்ந்த இலை கருகுகிற காரம். உங்கள் செர்ரிப் புகையிலை. துணியில் தங்கிப்போன பழைய நாற்றமில்லை அப்பா, தீக்குச்சியை அணைத்த கையோடு எழும்புகிற புது வாசனை. உங்களைக் கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தேவிட்டேன்.

கூடத்தில் உங்கள் நாற்காலி காலியாக இருந்தது. பைப்பு அலமாரியில், நீங்கள் வைத்த இடத்தில், கவிழ்ந்து கிடந்தது. நாற்காலிக்கு எதிரே தரையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துச்சா?" என்று கேட்டாள்.

நான் தலையாட்டினேன்.

"எனக்கு வரலடி."

இவ்வளவுதான் இந்த ஒரு வருஷத்துக் கதை. வெளியிலிருந்து வந்த எல்லோருக்கும் நீங்கள் வந்தீர்கள். அஞ்சலை அக்காவுக்கு, கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவருக்கு, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களுக்கு. விவரம் தெரியாத ஒருவர் ‘சார் உள்ள இருக்காருங்களா’ என்று கேட்டேவிட்டார். உங்களோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய அம்மாவுக்கு மட்டும் நீங்கள் வரவில்லை. ஏன் அப்பா? அவள் மேல் உங்களுக்கு என்ன கோபம்?

அவளும் அதையேதான் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு, காத்திருக்க ஆரம்பித்தாள். கடைக்குப் போகமாட்டாள். கோயிலுக்குப் போகமாட்டாள். கருவேப்பிலங்குறிச்சியில் சித்தி வீட்டு வளைகாப்புக்குக் கார் அனுப்பியும் போகவில்லை. ஜன்னல்களை எல்லாம் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, சித்திரை வெயிலில் வெந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். திறந்தால் இருக்கிற வாசனையும் போய்விடுமாம். கொஞ்சம் வெளியே வா என்று நான் கத்தினால், தான் இல்லாத நேரத்தில் அவர் வந்துவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்று நிதானமாகக் கேட்டாள். அந்த நிதானம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

இந்தப் புகையிலை நம் வீட்டுக்குள் வந்த அன்றைக்கு நான் பாவாடை சட்டை போட்டிருந்தேன். மங்கலம்பேட்டை ஜமால் மாமா, பள்ளிக்கூடத்தில் உங்கள் பக்கத்து இடத்துக்காரர், ஷார்ஜாவில் புகையிலைக் கடை வேலைக்குப் போய் முதல் லீவில் வந்திருந்தார். எல்லோருக்கும் சென்டு பாட்டிலும் டார்ச் லைட்டும் கொண்டுவந்தவர் உங்களுக்கு மட்டும் ஒரு மரப் பைப்பும் தகர டப்பாவும் கொண்டுவந்தார். பகலெல்லாம் செராமிக் பேட்டையில் சூளை முன்னால் நின்று, கரண்ட் பெட்டிக்குப் போடும் பீங்கான் பியூஸ் கேரியரும் பொம்மையும் சுட்டுவிட்டு வருகிற நீங்கள், வீட்டுக்கு வந்தும் தீ மூட்ட ஆரம்பித்தீர்கள். அங்கே எரித்தது பத்தாதென்று இங்கேயும் ஒரு சூளையா என்று அம்மா கேட்டது தெருவுக்கே தெரியும்.

பீங்கான் ஊர்க்காரன் மரத்தில் பிடிப்பதா என்று உங்களுக்கு ரோஷம் வந்து, நீங்களே களிமண்ணில் ஒரு பைப்பு செய்து, பளபளப்புக்குக் கிளேஸ் பூசி, சூளையில் வைத்து எடுத்து வந்தீர்களே. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பற்றவைத்த கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை சுட்டு, அதைக் காலில் போட்டுக்கொண்டீர்கள். கிளேஸ் போட்டால் ஈரத்தைக் குடிக்காது, குடிக்காத பைப்பு களகளவென்று சத்தம் போடும் என்று அப்புறம் எங்களுக்கு விளக்கம் வேறு. மரத்துக்கே திரும்பிப் போனீர்கள். அம்மா அந்த உடைசலை ரோஜாத் தொட்டியில் போட்டாள்.

ஒவ்வொரு லீவுக்கும் ஒரு வாசனை வந்தது. ஆப்பிள் வாசனை தலைக்குப் போடும் ஷாம்பு மாதிரி இருந்தது. வெண்ணிலா வாசனையில் வீடு ஐஸ்கிரீம் கடையானது. விஸ்கி கலந்தது ஒன்று வந்தபோது அம்மா உங்களைப் பைப்போடு கேட்டுக்கு வெளியே நிறுத்தினாள். கடைசியில் செர்ரி வந்து நிலைத்துவிட்டது. நம்மில் யாரும் நிஜமான செர்ரியைத் தின்றதில்லை. பேக்கரி கேக்கின் மேல் சிவப்பாக இருப்பது பாகில் ஊறிய களாக்காய் என்று ஜமால் மாமா சொல்லித்தான் தெரியும். தின்னாத பழத்தின் வாசனையில் வளர்ந்தேன் நான்.

நீங்கள் அதைப் பிடித்த விதம் இருக்கிறதே, அதில் அவசரமே கிடையாது. பாகில் ஊறிய புகையிலை அப்படியே அடைத்தால் நனைந்த விறகு மாதிரி புகையும் என்று, ஒரு சிட்டிகை எடுத்துப் பழைய பேப்பரில் பரப்பி ஆறவிடுவீர்கள். விரலால் உதிர்த்துப் பார்ப்பீர்கள். ஒட்டவும் கூடாது, நொறுங்கவும் கூடாது. பைப்புக்குள் இறுக்காமல் தளர்வாகப் போட்டு, உடைந்த பியூஸ் கேரியரின் காலால் மெல்ல அமுக்குவீர்கள். முதல் தீ மேலே எழும்பிச் சுருண்டு அணைந்துவிடும். அதற்காக வருத்தப்படமாட்டீர்கள். மறுபடி அமுக்கி வைக்கிற தீதான் நிற்கும். அப்புறம் சூடான டீயை உறிஞ்சுவது போல் சின்னச் சின்னதாக உறிஞ்சுவீர்கள். ஆசைப்பட்டு இழுத்தால் நாக்கைக் கடித்துவிடும், இனிப்புப் போட்ட புகையிலைக்குக் கோபம் ஜாஸ்தி என்பீர்கள். நான்கு தடவை உறிஞ்சிவிட்டு, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு எங்களைக் கேட்பீர்கள், ‘எப்படி இருக்குது?’ என்று.

நான் புகைக்கு வக்காலத்து வாங்கவில்லை அப்பா. டாக்டர் உங்களைத் திட்டியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். புகையை உள்ளே இழுப்பதில்லை, வாயோடு அனுப்பிவிடுகிறேன் என்று நீங்கள் சமாளித்தீர்கள். வாயும் உங்களுடையதுதானே என்று அவர் கேட்டார். கடைசியில் உங்கள் இதயம்தான் நின்றது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நீங்கள் விட்டுப்போன டப்பாவில் பாதிக்கு மேல் புகையிலை இருந்தது. அதற்குள் நீங்கள் ஒரு மண் வில்லை போட்டு வைத்திருப்பீர்கள் இல்லையா, கிளேஸ் போடாமல் ஒரு சுடு மட்டும் சுட்டது. அதை நனைத்து, நன்றாகத் துடைத்து, மூடிக்கு அடியில் வைத்தால் மாசக் கணக்கில் புகையிலை பதம் மாறாமல் இருக்கும். அதில் நனைப்பது மட்டும் அம்மா நினைவில் இருந்தது. துடைப்பது இல்லை. புகையிலை காய்ந்தால் நீங்களும் காய்ந்துவிடுவீர்கள் என்று பயந்து, தினமும் குளித்ததும் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, வில்லையையும் சொட்டச் சொட்ட நனைத்து உள்ளே வைத்தாள். பீங்கான் ஊர்ப் பெண்ணுக்கு மண் எவ்வளவு குடிக்கும் என்று தெரியும். புகையிலை எவ்வளவு தாங்கும் என்று தெரியவில்லை.

ஆடி மாதம் நான் டப்பாவைத் திறந்து பார்த்தபோது உள்ளே வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. என்னம்மா இது என்றேன். அம்மா டப்பாவை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"சர்க்கரை பூத்திருக்குதுடி. நல்ல சரக்குன்னா அப்புடித்தான் பூக்கும்."

அப்போதுதான் டப்பாவை விட்டுவிட்டு அவள் கண்ணைப் பார்த்தேன். மறுநாள் கண் டாக்டரைக் கையைக் காலைப் பிடித்து வீட்டுக்கே அழைத்துவந்தேன். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் முற்றிவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டால் ஆபரேஷனுக்கே கஷ்டமாகிவிடும், சீக்கிரம் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போங்கள் என்றார். அம்மா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினாள். வீட்டைப் பூட்டிவிட்டு வருகிற பேச்சே இல்லை என்று என்னிடம் சொல்லிவிட்டாள். கண்ணை விடவா இது முக்கியம் என்றேன். கண்ணால் பார்க்க என்ன இருக்குது இங்கே என்றாள்.

பூஞ்சை பிடித்ததைக் கொல்லையில் புதைத்துவிட்டோம். வெறும் டப்பாவை அவள் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். புகையிலை ஒரு துளி இல்லாத அந்த வீட்டில், அடுத்த சனிக்கிழமையும் நான் கதவைத் திறந்தேன், நீங்கள் வந்தீர்கள். சாத்திக் கிடக்கிற வீட்டில் சுவரும் திரையும் குடித்து வைத்த வாசனை தேங்கியிருக்கும் என்று எங்கள் ஆபீஸ் அக்கௌண்டன்ட் விளக்கினார். இருக்கலாம். தேங்கின வாசனை புதுசாக எப்படி வரும் என்று கேட்டேன். அவர் லெட்ஜரைத் திறந்துகொண்டார். உங்களுக்குத் தெரியுமா?

தெருப் பேச்சு சித்தப்பா காதுக்கும் போயிற்று. உங்கள் தம்பி நல்லவர்தான், ஆனால் ஊர் என்ன சொல்லும் என்பதை உங்களை விட இரண்டு மடங்கு கேட்பவர். வருஷ திதி முடிந்ததும் நாற்காலியையும் பைப்பையும் மணிமுத்தாற்றுக்குக் கொண்டுபோய், முறைப்படி உங்களை வழியனுப்பிவிடலாம் என்றார். அண்ணன் ஆத்மா அலையக்கூடாது என்று கண் கலங்கினார். அம்மா கோபப்படவில்லை.

"எல்லாருக்கும் வந்தாரு தம்பி. எனக்கு ஒரே ஒரு தடவ வரட்டும். அப்புறம் நீங்க எங்க வேணா அனுப்புங்க" என்றாள்.

திதிக்கு முந்தின வாரம் ஜமால் மாமா லீவில் வந்தார். துக்கம் கேட்க அப்போதுதான் வர முடிந்தது அவரால். உங்கள் நாற்காலியில் உட்காராமல் பக்கத்தில் கீழே உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். பெட்டி கட்டும்போது கை தானாக எடுத்து வைத்துவிட்டது, ஏர்போர்ட்டில்தான் நினைவு வந்தது என்றார். அதே செர்ரி. மூடியைக் கூடத் திறக்காமல் அம்மா அதை வாங்கி உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தாள். படையலுக்கு ஆயிற்று என்றாள்.

நம் ஜனங்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? போனவருக்குப் பிடித்ததெல்லாம் இலைக்கு வர வேண்டும். உங்கள் மாமனாருக்கு நீங்களே சுருட்டைக் கொளுத்தி இலை ஓரத்தில் வைத்திருக்கிறீர்கள். சாம்பாரும் வாழைக்காயும் உளுந்து வடையும் பாயசமும் வைத்து, காபியும் வைத்து, சித்தப்பா பைப்பில் புகையிலையைப் போட்டுத் தீக்குச்சி கிழித்தார். மேலே பொசுங்கி அணைந்தது. மறுபடி கிழித்தார். மறுபடி அணைந்தது. பெட்டியில் பாதிக் குச்சி தீர்ந்தது. சுருட்டும் பீடியும் ஒரு முறை கொளுத்தினால் தானாகப் புகைந்துகொண்டு கிடக்கும், ஊதுவத்தி மாதிரி. உங்கள் பைப்பு அப்படி இல்லையே.

"தானா எரியாது தம்பி. மூச்சு வேணும் அதுக்கு" என்றார் ஜமால் மாமா, கூடத்து ஓரத்திலிருந்து.

அங்கேதான் சிக்கல். படையலுக்கு எச்சில் ஆகாது. அன்றைக்குச் சமையலே உப்புப் பார்க்காமல் செய்தது. வாயில் வைத்து இழுத்த பைப்பை எப்படி இலையில் வைப்பது? இழுக்காவிட்டால் அது எப்படி எரியும்? சித்தப்பா என்னைப் பார்த்தார், நான் ஜமால் மாமாவைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். சும்மா அப்படியே வைத்துவிடலாம், அண்ணன் புரிந்துகொள்வார் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா எழுந்து வந்து அவர் கையிலிருந்து பைப்பை வாங்கினாள்.

"அவரு சாப்புட்ட எலையிலதான் இத்தன வருசமும் நான் சாப்புட்டேன். அவரு எச்சில் எனக்கு ஆச்சு. என் எச்சில் அவருக்கு ஆவாதா?"

சித்தப்பா இலையை விட்டு ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டார்.

சித்தப்பா திணித்ததைத் தட்டிக் கொட்டிவிட்டு அவளே புதிதாக நிரப்பினாள். அந்தக் கண்ணுக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது. உதிர்த்து, தளர்வாகப் போட்டு, பியூஸ் கேரியர் காலால் அமுக்கினாள். முதல் தீ அணைந்தது. அவளும் வருத்தப்படவில்லை. மறுபடி அமுக்கி, நான் குச்சியைப் பிடிக்க, உறிஞ்சினாள். இருமினாள். தண்ணீர் கொடுக்கப் போன என்னைக் கையால் தடுத்துவிட்டு, சின்னதாக, டீ உறிஞ்சுவது போல, மறுபடி உறிஞ்சினாள். புகை எழுந்து உங்கள் படத்துக்கு முன்னால் சுற்றியது.

வந்துவிட்டீர்கள் அப்பா. வீடு முழுக்க வந்துவிட்டீர்கள். சித்தப்பா ‘அண்ணே’ என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தார். ஜமால் மாமா தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா பைப்பை இலை ஓரத்தில் வைத்துவிட்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் வந்துச்சா?"

"வந்துடுச்சும்மா."

"எனக்கு இல்லியே. நாக்குதான் எரியுது."

அந்தக் குரலை நீங்கள் கேட்டிருந்தால் தாங்கியிருக்கமாட்டீர்கள். ஜமால் மாமாதான் கிட்டே வந்து சொன்னார். இழுக்கிறவருக்கு இந்த வாசனை வராதாம். வாயில் சூடும் கொஞ்சம் காரமும்தான் நிற்குமாம், வாசனையெல்லாம் வீட்டில் இருக்கிறவர்களுக்குப் போய்விடுமாம். உங்களுக்கும் வந்ததில்லையாம். அதனால்தான் எங்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பீர்களாம். வூட்ல நல்லா இருக்குதுன்னு சொல்றாங்கடா, இதையே கொண்டா என்று அவருக்குப் போன் செய்வீர்களாம். சொன்னது நாங்கள்தான். ஆப்பிளையும் விஸ்கியையும் விரட்டியதும் நாங்கள்தான்.

"அப்ப அவரு யாருக்காகக் குடிச்சாரு?" என்று அம்மா கேட்டாள். அதை நீங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

காக்காய்க்குச் சோறு வைக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குப் பெரியவள் அவள்தான் வைக்க வேண்டும். மாடிப்படி வெளியில் இருப்பதால் வராமல் தப்பிக்க வழியில்லை. கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனேன். வெயில் முகத்தில் பட்டதும் அம்மா கூசிப்போய் நின்றாள். சோற்றை வைத்து ‘கா கா’ என்று கூப்பிட்டால் ஒரு காக்காயையும் காணோம். உங்களுக்குத்தான் நேரத்துக்கு வருகிற பழக்கமே இல்லையே. சேலம் லைனில் வேலை முடியப் போகிறது, பெரிய ரயில் ஓடப் போகிறதாம் என்று அவளுக்கு ஊர்க்கதை சொல்லிக்கொண்டு நின்றேன். பேட்டைப் பக்கம் சூளைப் புகை தெரிந்தது. கவர்மெண்டு கலர் டிவி வந்த வீடுகளில் பகலிலேயே பாட்டுச் சத்தம். காற்று நன்றாக அடித்தது. கடைசியில் ஒரு காக்காய் வந்து, சோற்றை விட்டுவிட்டு, வடையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அவரேதான் என்றாள் அம்மா.

இறங்கி வந்தோம். அவள் வாசலில் ஒரு காலை உள்ளே வைத்தாள். மறு காலை வைக்கவில்லை. என் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்தது.

"வந்துட்டாருடி" என்றாள்.

அவள் மெதுவாகத் திரும்பி, கேட் வரைக்கும் போய், காற்றில் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து படியேறினாள். மறுபடி போனாள். மறுபடி வந்தாள். அஞ்சலை அக்கா எதிர் வீட்டு வாசலில் நின்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்தாள். இலைக்கு முன்னால் நின்ற சித்தப்பா, கற்பூரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன நடக்கிறதென்று தெரியாமல் விழித்தார். பூக்கடையிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு மல்லிகை மணப்பதில்லை, அவ்வளவுதான் விஷயம் என்று எனக்குப் புரிந்தது. அவளுக்கு வேறு மாதிரி புரிந்தது.

"நான் வெளிய போனாத்தான் வருவாரா? உள்ளயே ஒக்காந்து கெடந்ததாலதான் இத்தன நாளும் வரலியா?"

முதலில் சிரித்தாள். அப்புறம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீங்கள் போன அன்றைக்குக் கூட அவள் அப்படி அழவில்லை. நானும் அழுதேன்.

அதற்குப் பிறகு அம்மா வீட்டில் தங்குவதே இல்லை. கொத்தமல்லி வாங்கப் பாலக்கரை வரைக்கும் போகிறாள். வந்து கருவேப்பிலை மறந்துபோயிற்று என்று மறுபடி போகிறாள். பெரிய கோயிலுக்குப் போய்ச் சாமி கும்பிட்டாளோ இல்லையோ, வேகமாகத் திரும்பி வருகிறாள். உங்களை ஆற்றுக்கு அனுப்பும் பேச்சை சித்தப்பா எடுத்தபோது, இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கிறார், அதற்குள் என்ன அவசரம் என்று வாயை அடைத்துவிட்டாள். போன வாரம் எனக்கு இட்லி வைத்துக்கொண்டே அவளாகவே கேட்டாள்.

"பாண்டிச்சேரிக்குப் போயி நாலு நாளு தங்கிட்டு வந்தா, இன்னும் நல்லா வருவாருல்ல?"

வருவாரும்மா என்றேன்.

இன்று காலை கருவேப்பிலங்குறிச்சி சித்தி வந்து அவளை அழைத்துக்கொண்டு போனாள். வலது கண் முதலில். கிளம்பும்போது உங்கள் நாற்காலிக்கு முன்னால் நின்று, நான் பக்கத்தில் இருப்பதைக் கூடப் பார்க்காமல், ‘போயிட்டு வரேங்க’ என்று சொன்னாள். பஸ் ஏற்றிவிட்டு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறதா என்று பார்க்க நான் மட்டும் திரும்பி வந்தேன். கூடத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பைப்பைத் துடைத்து வைத்தது நேற்று. அதன் பின் அதை யாரும் தொடவில்லை. எடுத்துப் பார்த்தேன். புகையிலை போடும் கிண்ணம் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

எனக்குப் பயமாக இல்லை அப்பா. வேறு ஒரு பயம்தான் இருக்கிறது. கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அவ்வளவு ஆசையோடு அவள் படியேறும்போது ஒன்றும் வராமல் போய்விட்டால்? இன்னொரு கண்ணுக்கு அவள் கிளம்புவாளா? அப்புறம் அந்த வாசலை விட்டு இறங்குவாளா? உங்களை நம்பி விட்டுவிடலாம்தான். ஆனால் பொண்ணு பார்க்கவே தாமதமாக வந்த ஆள் நீங்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். அவள் வருகிற அன்றைக்கு லீவு போட்டுவிட்டு நான் முன்னாலேயே வந்துவிடுவேன். ஜமால் மாமா கொடுத்த டப்பாவில் நிறைய இருக்கிறது. பேப்பரில் பரப்பி, ஆறவிட்டு, தளர்வாக நிரப்பி, முதல் தீ அணைந்தால் வருத்தப்படாமல், அடுத்ததை நானே இழுப்பேன். பைப்புக்காரர் மகளும் பிடிக்கிறாள் என்று தெரு பேசட்டும். டப்பா தீர்ந்தால் என்ன செய்வதென்று இப்போது தெரியவில்லை, அதைத் தீரும்போது பார்த்துக்கொள்கிறேன். அம்மா கதவைத் திறக்கும்போது நீங்கள் அங்கே இருப்பீர்கள். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

நீங்கள் வந்தீர்களா இல்லையா என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்,
உங்கள் மகள்
செல்வி